ஒரு ஓஸ் ஓட்டையில போன 14 மாசம்: இன்ஜின் லேப்ல பிஎச்டி பண்றவங்களுக்கு

டீசல் இன்ஜின், பயோடீசல், எமிஷன்னு பிஎச்டி பண்ணிட்டு இருக்கற தம்பி தங்கச்சிங்களுக்காக இதை எழுதறேன். எனக்கு நடந்தப்போ யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல, ராத்திரி ரெண்டு மணிக்கு கால்குலேட்டரை வெச்சுட்டு தனியா உக்காந்திருந்தேன். அன்னிக்கு யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா 14 மாசமும் ஒன்றரை லட்சத்துக்கு மேல பணமும் மிச்சமாயிருக்கும். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நான் ஈரோடு பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்ல அசிஸ்டென்ட் புரொபசரா இருந்தேன், 2015ல பார்ட் டைம் பிஎச்டிக்கு ரிஜிஸ்டர் பண்ணேன். தலைப்பு புங்கன் எண்ணெய் பயோடீசல். அப்போ எங்க பக்கம் எந்த இன்ஜின் லேபுக்குப் போனாலும் காட்டாமணக்கு, புங்கன், வேம்புன்னு ஏதாவது ஒரு எண்ணெய் ஓடிட்டு தான் இருக்கும், ஏன்னா 2009ல வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கையில 2017க்குள்ள 20 சதவீதம் கலக்கணும்னு இலக்கு வெச்சிருந்தாங்க, அந்த 20 எங்கயும் நடக்கலன்னாலும் தலைப்பு மட்டும் லேப்ல நின்னுருச்சு. நான் சேர்ந்த அதே வருஷம் செப்டம்பர்ல தான் ஃபோக்ஸ்வேகன் விவகாரம் வெடிச்சுது. லேப்ல பாஸாகற கார் ரோட்டுல லிமிட்டை விட 40 மடங்கு வரைக்கும் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு வாயு) விடுதுன்னு அமெரிக்காவோட சுற்றுச்சூழல் அமைப்பு இபிஏ சொல்லுச்சு, அதுக்கு முதல் ஆதாரம் வெஸ்ட் வர்ஜீனியா யுனிவர்சிட்டியில ஒரு சின்ன டீம் கார் டிக்கியில அனலைசரை ஏத்திட்டு கலிஃபோர்னியா ரோட்டுல ஓட்டி எடுத்த ரீடிங். அந்த டீம்ல அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணான்னு ரெண்டு பேரு நம்மூரு பேரா இருந்ததைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அவங்க செஞ்சது ஒழுங்கா அளந்தது மட்டும் தான். அதுதான் இந்த வேலையோட உயிரே, ஆனா அப்போ எனக்கு அது மேலோட்டமா தான் புரிஞ்சுது.

எங்க லேப் செட்டப் உங்க லேப்லயும் இருக்கறது தான். கிர்லோஸ்கர் டிவி1, ஒத்த சிலிண்டர், 661 சிசி, 1500 ஆர்பிஎம்ல 5.2 கிலோவாட், இன்ஜினுக்கு லோடு கொடுக்கற எட்டி கரன்ட் டைனமோமீட்டர், எக்ஸாஸ்ட்ல அஞ்சு வாயுவை அளக்கற ஒரு ஃபைவ் கேஸ் அனலைசர், ஒரு ஸ்மோக் மீட்டர். பயோடீசலை நானே செஞ்சேன். புங்கன் எண்ணெயில ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் அதிகம், நேரா கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) போட்டா சோப்பா கட்டிக்கும், அதனால முதல்ல ஆசிட் ட்ரீட்மென்ட், அப்புறம் மெத்தனாலும் கேஓஎச்சும் போட்டு 60 டிகிரியில கலக்கி ராத்திரி பூரா செட்டில் ஆக விட்டா காலையில அடியில கறுப்பா கிளிசரின் நிக்கும், மேல தேன் கலர்ல பயோடீசல். அதைப் பார்க்கறப்போ வர்ற சந்தோஷமே தனி. அதை வெந்நீர் விட்டு நாலஞ்சு தடவை அலசணும், அவசரப்பட்டு குலுக்கினா பால் மாதிரி ஆயிரும், ரெண்டு நாள் காத்திருக்கணும். இதுல ஒண்ணு சொல்லிடறேன், மொத்த டெஸ்டுக்கும் எவ்வளவு வேணும்னு கணக்கு போட்டு அதுக்கு மேல பாதி சேர்த்து ஒரே பேட்ச்சா செய்யுங்க. நான் 12 லிட்டர் தான் செஞ்சேன், பின்னாடி திரும்ப எடுக்க வேண்டி வந்தப்போ அடுத்த பேட்ச்ல விஸ்காசிட்டியே வேற மாதிரி வந்துச்சு.

2017 ஜனவரியில சுத்த டீசலுக்கு பேஸ்லைன் எடுத்தேன். ஃபுல் லோடுல நாக்ஸ் 1180 பிபிஎம். அப்புறம் செமஸ்டர், பேப்பர் வேல்யுவேஷன், காலேஜ் தரத்தைப் பார்க்க வர்ற நாக் விசிட்னு அஞ்சு மாசம் லேப் பக்கமே போக முடியல. ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் பி10, பி20, பி30ன்னு (டீசல்ல 10, 20, 30 சதவீதம் பயோடீசல் கலந்தது) பிளெண்ட் ரீடிங் எடுத்தேன், சனி ஞாயிறு பூரா லேப்ல தான். பி20க்கு நாக்ஸ் 850 பக்கம் வந்துச்சு. 28 சதவீதம் கம்மி! மூணு தடவை எடுத்தேன், மூணு தடவையும் 850 ஒட்டியே வந்துச்சு, ரிப்பீட்டபிலிட்டி நல்லா இருக்குன்னு நினைச்சேன். ஒரே தப்பு மூணு தடவை வந்தாலும் அது ரிப்பீட் ஆகத்தான் செய்யும்னு அப்போ தோணவே இல்ல. இத்தனைக்கும் இபிஏ 2002லயே பழைய டேட்டா எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து பி20க்கு நாக்ஸ் 2 சதவீதம் கூடும்னு தான் சொல்லியிருந்தாங்க, நானே அதை லிட்டரேச்சர்ல எழுதியிருக்கேன். ஆனா என் ரீடிங் குறைச்சலா வந்ததும் மனசு காரணம் தேட ஆரம்பிச்சிருச்சு. விஸ்காசிட்டி அதிகம், ஸ்ப்ரே மாறுது, பீக் டெம்பரேச்சர் கம்மி, 1800 கெல்வினுக்கு மேல தான் தெர்மல் நாக்ஸ் வேகமா உருவாகும் அதனால குறையுதுன்னு ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதிட்டேன். கம்பஸ்ஷன்ல எந்த ரீடிங் வந்தாலும் அதுக்கு ஒரு விளக்கம் கிடைச்சிரும், நாக்ஸ் ஏறினா எழுத ஒரு காரணம், இறங்கினா எழுத இன்னொரு காரணம் புக்லயே இருக்கும். விளக்கம் எழுத வந்திருச்சுங்கறதுக்காக ரீடிங் சரின்னு நம்பிடாதீங்க.

அந்த டேட்டாவை வெச்சு ரெண்டு பேப்பர் எழுதினேன். ஒண்ணு சீக்கிரம் வேணும்னு காசு கட்டற ஒரு ஜர்னலுக்கு, 18,000 ரூபாய், 20 நாள்ல வந்திருச்சு, ஒரு ரிவ்யூ கமெண்ட் கூட இல்ல. இன்னொண்ணு நல்ல ஜர்னலுக்கு. அதுக்கு 2018 மார்ச்ல பதில் வந்துச்சு. ரெண்டாவது ரிவ்யூயர் நாலு வரி தான் எழுதியிருந்தார். உங்க எரிபொருள் அளவும் ஏர் பாக்ஸ் (இன்ஜினுக்குள்ள போற காத்தை அளக்கறது) அளவும் ஒரு ஏர் ஃப்யூல் ரேஷியோ சொல்லுது, உங்க எக்ஸாஸ்ட் கேஸ் வேற ஒண்ணு சொல்லுது, கார்பன் பேலன்ஸ், அதாவது உள்ள போன கார்பனும் வெளிய வந்த கார்பனும் ஒத்துப் போகுதான்னு கணக்கு, போட்டுக் காட்டுங்கன்னு. படிச்சதும் முதல்ல கோவம் தான் வந்துச்சு. ராத்திரி எல்லாரும் தூங்கினதும் உக்காந்து போட்டேன்.

ஃபுல் லோடுல நான் அளந்த காத்தை எரிபொருளால வகுத்தா ரேஷியோ 20 வருது. அதுக்கு எக்ஸாஸ்ட்ல கார்பன் டை ஆக்சைடு 11 சதவீதத்தை ஒட்டி இருக்கணும். என் பி20 ரீடிங்ல 7.7. ஆக்சிஜன் 6 இருக்க வேண்டியது 10.5. அந்த ரெண்டு நம்பரை வெச்சு திருப்பிக் கணக்கு போட்டா ரேஷியோ 28 வருது. இன்ஜினுக்குள்ள 20, அனலைசருக்குள்ள 28. அப்போ நடுவுல எங்கயோ வெளிக்காத்து கலந்திருக்கு, கிட்டத்தட்ட 30 சதவீதம். அந்த 30 சதவீதம் தான் என்னோட நாக்ஸ் குறைப்பு. உடனே டேபிள்ல மத்த வாயுவோட ரீடிங்கைப் பார்த்தேன், கார்பன் மோனாக்சைடு அதே அளவு குறைஞ்சிருக்கு, ஹைட்ரோகார்பனும் அதே அளவு குறைஞ்சிருக்கு, கார்பன் டை ஆக்சைடும் அப்படியே. ஏறக்குறைய அதே கார்பனைத் தானே உள்ள ஊத்தறேன், அது எங்க போகும்? எட்டு மாசமா கண்ணு முன்னாடி இருந்த டேபிள் அது. கை நடுங்கிருச்சு. மனைவி எந்திரிச்சு வந்து "ஏங்க, யாருக்காவது உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டா, எனக்கு பதில் சொல்ல வரல.

மறுநாள் காலையில ஏழு மணிக்கே லேபுக்குப் போயிட்டேன். எங்க லேப் டெக்னீஷியன் அண்ணன் 20 வருஷமா அந்த லேப்ல இருக்கறவர், அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "ஏனுங்க சார், நான் அப்பவே ஒருக்கா சொன்னனுங்களே, வாட்டர் ட்ராப்புல முன்ன மாதிரி தண்ணி நிக்கறதில்லைன்னு"ன்னார். அனலைசருக்குப் போற வாயுவுல இருக்கற ஈரம் தண்ணியா தேங்கற கப்பு அது. ஆமா, சொன்னார். ஆகஸ்ட்ல சொன்னார். நான் வெயில் காலம்ணா அதான்னு பதில் சொன்னேன். வெளிக்காத்து கலந்தா எக்ஸாஸ்ட் கம்மியா வரும், அதுல இருக்கற ஈரமும் கம்மியாத்தான் வரும், அவர் கண்ணால பார்த்து பிடிச்சதை நான் படிச்சுட்டு விட்டுட்டேன். இதை எழுதறப்போ இன்னும் வலிக்குது. உங்க லேப்ல ஒரு அண்ணன் இருந்தா, அவர் ஏதாவது வித்தியாசமா இருக்குன்னு சொன்னா, அன்னிக்கு ரீடிங்கை நிறுத்திட்டு அதைப் பாருங்க.

ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டையைத் தேடினோம். முதல்ல சோப்புத் தண்ணி அடிச்சோம், ஒண்ணும் தெரியல. தெரியாது, ஏன்னா அந்த லைன்ல பம்பு உள்ள இழுக்குது, குமிழி வெளிய வராது. அப்புறம் எக்ஸாஸ்ட்ல சொருகற ஸ்டீல் ப்ரோபை வெளிய எடுத்து அது ஆறினதும் அண்ணன் அதோட நுனியைக் கட்டை விரலால அடைச்சார். அடைச்சா அனலைசர்ல லோ ஃப்ளோன்னு வரணும், பம்பு சத்தம் திணறணும். ஒண்ணுமே ஆகல, பம்பு பாட்டுக்கு நிம்மதியா ஓடுது. அப்படியே ஓஸ் நெடுக கையை வெச்சு அமுக்கிட்டே வந்தோம். ப்ரோபும் ஓஸும் சேர்ற இடத்துல கிளிப்புக்கு அடியில, எக்ஸாஸ்ட் சூட்டுல ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி விறைச்சுப் போயி, நகக்கண்ணு அளவுக்கு ஒரு வெடிப்பு. கிளிப்பை நகர்த்தினா தான் தெரியும். அதைக் கையில பிடிச்சதும் லோ ஃப்ளோ வந்திருச்சு. தினமும் லீக் டெஸ்ட் பண்ணிட்டு தானே இருந்தோம்னு கேப்பீங்க, பண்ணேன், ஆனா அனலைசர் வாயில கேப் போட்டு பண்ணேன். அது மெஷினுக்குள்ள மட்டும் தான் பார்க்கும். ஓஸையும் ப்ரோபையும் சேர்த்து நுனியில அடைச்சு பண்ணணும். இந்த ஒரு வித்தியாசம் தான் என் 14 மாசம்.

கைடு சார்கிட்ட சொல்ல ரெண்டு நாள் தைரியம் வரல. சொன்னப்போ கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "இப்பவாவது தெரிஞ்சுதேப்பா, தீசிஸ்ல போயிருந்தா என்ன ஆகியிருக்கும், திரும்ப எடு"ன்னார். அந்த வார்த்தைக்கு இன்னிக்கும் அவருக்கு நன்றியோட இருக்கேன். வெளிவந்த பேப்பரை வாபஸ் வாங்கச் சொல்லி ஜர்னலுக்கு மெயில் போட்டேன், கூட இருந்த சிலர் யாருக்குத் தெரியப் போகுது விடுங்க சார்னு சொன்னாங்க. ஆனா அந்த நம்பரைப் படிச்சுட்டு இன்னொரு பையன் அதே எண்ணெயை வெச்சு வருஷக்கணக்குல தேடுவான், அவனுக்கு வராது, தன் மேல தான் தப்புன்னு நினைப்பான். அந்த நினைப்பு என்னைத் தூங்க விடல. காசு திரும்ப வரல, பேப்பர் எடுத்தாங்க.

சரி, இப்போ உங்களுக்கு உபயோகமானதைச் சொல்றேன். பேஸ்லைனை என்னிக்கோ எடுத்து வெச்சுக்காதீங்க, பிளெண்ட் ஓட்டற ஒவ்வொரு நாளும் முதல்ல டீசல், கடைசியிலயும் டீசல். ரெண்டு டீசலும் ஒத்துப் போகலன்னா அன்னிக்கு எடுத்ததை வெச்சுக்காதீங்க. என் கேஸ்ல ஜூன்ல ஒரே ஒரு தடவை டீசல் ஓட்டியிருந்தா அன்னிக்கே பிடிபட்டிருக்கும், ஏன்னா டீசலுக்கும் 30 சதவீதம் குறைஞ்சிருக்கும். அடுத்தது, கார்பன் டை ஆக்சைடை 1.36ஆல பெருக்கி ஆக்சிஜனைக் கூட்டுங்க, டீசலுக்கு 20.9 ஒட்டி வரணும். வரலன்னா சென்சார்ல கோளாறு. ஆனா ஜாக்கிரதை, ஓஸ் ஓட்டையை இந்தக் கூட்டல் காட்டாது, என் தப்பு ரீடிங்கையே போட்டுப் பாருங்க, 7.7ம் 10.5ம், கூட்டினா 20.9 ஒட்டித் தான் வரும், வெளிக்காத்தும் அதே கணக்குல தானே கலக்குது. கணக்குல ஓட்டையைக் காட்டறது ஏர் பாக்ஸ் ரேஷியோவோட ஒப்பிடறது தான். ஏர் பாக்ஸ் இல்லாத லேப்னா தயவு செஞ்சு ஒண்ணு பொருத்துங்க, ஒரு டிரம்மும் ஆரிஃபிஸும் மானோமீட்டரும் தான். தினமும் காலையில சுத்தமான காத்துல ஆக்சிஜன் 20.9 காட்டுதான்னு பாருங்க. அந்த ஃபைவ் கேஸ் அனலைசர்ல ஆக்சிஜனுக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்கும் இருக்கறது எலக்ட்ரோகெமிக்கல் செல், அது பேட்டரி மாதிரி, யூஸ் பண்ணாட்டியும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல தேஞ்சிரும். எங்க நைட்ரிக் ஆக்சைடு செல் தேதி முடிஞ்சு எவ்வளவோ நாளாகியிருந்துச்சுன்னு இந்தத் தேடல்ல தான் தெரிஞ்சுது. வருஷம் ஒரு சர்டிபிகேட் ஒட்டிட்டுப் போறது போதாது, உங்க ரேஞ்சுக்குத் தக்க ஸ்பேன் கேஸ் (அளவு தெரிஞ்ச, அனலைசரைச் சரிபார்க்கற வாயு) சிலிண்டர் ஒண்ணு லேப்ல இருக்கணும். ஹைட்ரோகார்பனை இந்த மெஷின்ல எடுத்து பெருசா எதுவும் பேசாதீங்க, டீசலோட கனமான ஹைட்ரோகார்பன் குளிர்ந்த ஓஸ்லயே ஒட்டிக்கும், முறையா எடுக்கணும்னா 190 டிகிரியில சூடு பண்ண லைனும் எஃப்ஐடியும் (தீச்சுடர் வெச்சு ஹைட்ரோகார்பனை அளக்கற கருவி) வேணும். அப்புறம் பிபிஎம்ல மட்டும் எழுதாதீங்க, ஒரு கிலோவாட்-மணிக்கு எத்தனை கிராம்னு மாத்துங்க, மாத்தறப்போ கார்பன் கணக்கையும் சேர்த்துப் போடுங்க, தப்பு இருந்தா அங்கயே மாட்டிக்கும்.

இன்னொரு தப்பும் அப்போ தான் வெளிய வந்துச்சு. சிலிண்டர் பிரஷர் கிராஃப்ல டிடிசி (பிஸ்டன் உச்சியில நிக்கற இடம்) ஒரு டிகிரிக்கு மேல தள்ளி இருந்துச்சு, கிராங்க் கோணத்தை அளக்கற என்கோடரோட கப்ளிங் லூஸ். ஒரு டிகிரி தானேன்னு விடாதீங்க, ஐஎம்இபியில (ஒரு சைக்கிள்ல சிலிண்டருக்குள்ள கிடைக்கற சராசரி பயனுள்ள அழுத்தம்) 10 சதவீதம் வரைக்கும் இழுத்துட்டுப் போயிரும், ஹீட் ரிலீஸ் அதுக்கு மேல. எட்டி கரன்ட் டைனமோமீட்டர் பிரேக் மட்டும் தான், இன்ஜினைச் சுத்த வைக்காது, அதனால 1500ல ஓடறப்போ ஃப்யூலை கட் பண்ணி, எரியாம சுத்தற அந்த சில சைக்கிளை ரெக்கார்ட் பண்ணுங்க. எரியாத சைக்கிள்ல பீக் பிரஷர் டிடிசிக்கு அரை டிகிரி, ஒரு டிகிரி முன்னாடி வரணும். பின்னாடி வந்தா செட்டிங் தப்பு. எனக்கு பின்னாடி தான் வந்துச்சு.

பண விஷயம் வெளிப்படையா சொல்லிடறேன், யாரும் இதைப் பேசறதில்ல. ஸ்பேன் கேஸ் 24,000, செல்லும் சர்வீஸும் 31,000, எண்ணெயும் கெமிக்கலும் திரும்ப வாங்கினது 14,500, கப்ளிங் வேலை 6,500, ஜர்னலுக்குப் போனது 18,000, நீண்டு போன மூணு செமஸ்டர் ஃபீஸ் 30,000, 27 நாள் சம்பளம் இல்லாத லீவு 32,400. மொத்தம் 1,56,400. லேப் காலேஜோடது தான், ஆனா ரிசர்ச் உன்னோடதுன்னு சொல்லிட்டாங்க, செலவு என் கையில. பொண்ணு ஸ்கூலுக்குன்னு போட்டுட்டு இருந்த ஏலச்சீட்டை தள்ளுபடி அதிகம் போட்டு முன்னாடியே எடுத்தேன். அதனால சேர்றதுக்கு முன்னாடியே மெஷின் சர்வீஸ், கேலிபரேஷன் யாரு செலவுன்னு எழுத்துல கேட்டு வாங்கிக்குங்க. வாயால சொன்னது அந்த நேரத்துல நிக்காது.

2019 மே மாசம் புது ரீடிங் முடிஞ்சுது. பி20க்கு நாக்ஸ் 3 சதவீதம் கூட, ஸ்மோக் குறைவு. ஊர்ல எல்லாருக்கும் வர்றது தான். ஃப்யூல் பம்புக்கு அடியில ஷிம் (மெல்லிசான தகடு) சேர்த்து இன்ஜெக்ஷன் டைமிங்கை 23ல இருந்து 20 டிகிரிக்குத் தள்ளினேன், நாக்ஸ் டீசலுக்கும் கீழ வந்துச்சு, ஆனா ஸ்மோக் கொஞ்சம் ஏறுச்சு. ஆச்சரியமான ரிசல்ட் ஒண்ணும் இல்ல, ஆனா ஒவ்வொரு நம்பருக்கும் என்னால பதில் சொல்ல முடியும். 2021ல வைவா. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அரை மணி நேரம் அன்சர்டனிட்டி பத்தி மட்டுமே கேட்டார், அந்த அரை மணி நேரம் தான் வைவாவுலயே நான் பயமில்லாம பேசின நேரம்.

அப்புறம் வேலை. சென்னைப் பக்கம் வண்டி எமிஷன் டெஸ்ட் பண்ற ஒரு லேப்ல இன்டர்வியூ. புங்கன் எண்ணெய் பத்தி ஒரு கேள்வி கூட இல்ல. 2020 ஏப்ரல்ல வண்டிப் புகைக்கான பிஎஸ் 6 விதி வந்திருச்சு, பிஎஸ் 4ல டீசல் காருக்கு கிலோமீட்டருக்கு 0.25 கிராம் இருந்த நாக்ஸ் லிமிட் 0.08 ஆச்சு, நடுவுல பிஎஸ் 5ஐயே தாண்டிட்டாங்க. புகைக்கரியைப் பிடிக்கற டிபிஎஃப் ஃபில்டர்ல ரீஜெனரேஷன் (சேர்ந்த கரியை எரிக்கறது) எப்போ நடக்கும், நாக்ஸைக் குறைக்கற எஸ்சிஆர்ல யூரியா அதிகமா போனா என்ன ஆகும், டிரான்சியன்ட் சைக்கிள்ல அனலைசர் டிலேயை எப்படி அலைன் பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. பாதிக்கு எனக்குப் பதில் தெரியல. மெக்கானிக்கல் பம்பு வெச்ச ஸ்டேஷனரி இன்ஜினை ஒரே ஸ்பீடுல ஓட்டி பழகினவனுக்கு எப்படித் தெரியும்? கடைசியா, உங்க டேட்டா சரின்னு எப்படி நம்பறீங்கன்னு கேட்டாங்க. ஓஸ் கதையை அப்படியே சொன்னேன். வேலை கிடைச்சுது. ஆனா எல்லாருக்கும் அப்படி அமையாது, அதனால பிஎச்டி ஓடறப்போவே காமன் ரெயில், ஈசியு, ஆஃப்டர் ட்ரீட்மென்ட், 2023 ஏப்ரல்ல இருந்து பிஎஸ் 6 ரெண்டாம் கட்டத்துல கட்டாயமான ரோட்டுல அளக்கற ஆர்டிஇ டெஸ்ட் இதெல்லாம் படிச்சுட்டே வாங்க. எண்ணெயை மட்டும் மாத்தி மாத்தி இன்னொரு தீசிஸ் வேண்டாம்.

உடம்பையும் பார்த்துக்குங்க. எங்க லேப்ல எக்ஸாஸ்ட் பைப் ஜாயின்ட்ல புகை கசியும், அதுலயே சனி ஞாயிறு பூரா நின்னு எனக்கு நாலு மாசம் இருமல் விடல. டீசல் புகை கேன்சரை உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஐஏஆர்சி 2012லயே முதல் குரூப்ல சேர்த்துட்டாங்க. அதைப் பத்தி ஆராய்ச்சி பண்ற நாமளே ஜன்னலைச் சாத்திட்டு ஓட்டறோம். ஜாயின்ட்டை அடைங்க, எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்க, ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி சுவத்துல மாட்டுங்க, ஒரு நாள் கூட தனியா இன்ஜின் ஓட்டாதீங்க.

இப்போ தீசிஸ் எழுதிட்டு இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, நாளைக்கு லேபுக்குப் போனதும் ப்ரோபை வெளிய எடுங்க, ஆறட்டும், நுனியைக் கட்டை விரலால அடைச்சுட்டு பத்து செகண்ட் பம்பு சத்தத்தைக் கேளுங்க. அது திணறலன்னா பயப்படாதீங்க, உங்க கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன், ஃப்யூல், ஏர் ரீடிங் நாலையும் எனக்கு அனுப்புங்க. ராத்திரி எத்தனை மணியானாலும் கணக்கு போட்டுப் பார்த்துச் சொல்றேன்.